மூன்று அழுத்தங்கள்

பனிக்காலத்தில் எங்கள் மருந்தகத்துக்கு
இணையம் ஜன்னல் வழியாகத்தான் வரும்.
அதுவும் கண்ணாடியின் இடது மூலையில்,
கைபேசியைப் பஞ்சுப் பெட்டிமேல் சாய்த்துவைத்தால்.
அட்பாஷி முழுதும் உறங்கிய பிறகு
டாக்டர் நூர்ஜமால் பிஷ்கெக்கிலிருந்து பேசத் தொடங்குவார்.
பாதிச் சொல்லில் உறைவார்
வாய் திறந்தபடி.
நான் அடுப்பில் வறட்டி போட்டுவிட்டு வரும்வரை
பொறுமையாகக் காத்திருப்பார்.

பாடம் நான்கு. கையால் சோதித்தல்.
நடு மூன்று விரல்கள். நுனி அல்ல,
நுனிக்குக் கீழுள்ள சதை.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்,
வைக்கோலுக்குப் புல் அறுப்பவன்
வரிசை விடாமல் போவதுபோல.
காறையெலும்பும் அக்குளும் சேர்த்து.
ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்:
தோலுக்கு ஒன்று, சதைக்கு ஒன்று,
விலாவெலும்பை எட்ட ஒன்று.

சிலிக்கான் மார்பெல்லாம் நகரத்துப் பயிற்சிக்கு.
எனக்கு ரொட்டி மாவு.
தெமிர்கான் குருத் உருண்டைகளை
(உப்பிட்டுக் காயவைத்த தயிர், பல்லை உடைக்கும்)
சுத்தியலால் சில்லாக்கி
நான் பார்க்காதபோது மாவுக்குள் ஒளித்துவைப்பார்.
பட்டாணி அளவு. அப்புறம் பயறளவு.
"எத்தனை?"
"மூன்று."
"நான்கு."
மறுபடி பிசைவார். கட்டிய மனைவியைத் தோற்கடிப்பதில்
அப்படியொரு சந்தோஷம் அவருக்கு.
மாவுக்குள் கல்.
கல், என்றது விரல்.

இருபத்தாறு வருடமாக ஃபெல்ட்ஷர் நான்.
டாக்டர் இல்லாத ஊரில்
டாக்டரில் பாதி, நர்ஸில் ஒன்றரை.
பிரசவம் பார்த்திருக்கிறேன்,
குதிரை உதைத்த தாடையைக் கட்டியிருக்கிறேன்,
மார்பைத் தொட்டதில்லை.
பெண்கள் அதை ஐந்து சட்டைக்குள் வைத்திருந்தார்கள்,
நானும் ரத்த அழுத்தப் பட்டையைச்
சட்டைமேலேயே சுற்றி அனுப்பினேன்.

வினா ஒன்பது.
நாற்பத்தொரு வயதுப் பெண். இடது மார்பில் கட்டி.
வலி இல்லை என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?
நான் யோசிக்கவே இல்லை.
வலி வந்தால் வரச் சொல்வேன், என்பதைத் தொட்டேன்.
சிவப்பு.
வலி இல்லாதது ஆறுதல் அல்ல, உடனே அனுப்பவும்.
கீழே ஒரு பொத்தான்: மீண்டும் முயல்க.
இன்னும் இரண்டு வாய்ப்புகள்.

உல்கான் போன மே மாதம் வந்தாள்,
மந்தையை மலைமேல் ஓட்டுவதற்கு முதல் நாள்.
வாசலில் நின்றே சொன்னாள்,
ஏதோ பட்டாணி மாதிரி, என்று.
வலிக்கிறதா?
இல்லை.
அப்ப போய் வா, என்றேன். சிரித்தேன்கூட.
ஒரு சாடி வெண்ணெய் வைத்துவிட்டுப் போனாள்.
ஆடிப்பாடித் தின்று தீர்த்தோம்.

அந்தப் பொத்தானை நான் தொடவில்லை.

விடிந்ததும் குதிரையில் போனேன்.
தொழுவத்திலிருந்து வந்து
கம்பளி, கம்பளி, பருத்தி என்று கழற்றினாள்.
தேநீர்க் கிண்ணத்தைப் பிடித்துக் கையைச் சூடாக்கினேன்.
இரண்டாவது அழுத்தம் தேவைப்படவில்லை.
ஆனாலும் மூன்றையும் செய்தேன்,
இரண்டு பக்கமும், அக்குள்வரை,
வரிசை விடாமல்.
கூரையைப் பார்த்தபடி அவள்,
"போன தடவை நீ கேட்டது வேறு" என்றாள்.
"ஆமாம். தப்பாகக் கேட்டேன்."
முதலில் வலதுகையைத்தான்
சட்டைக்குள் விட்டாள். இடதை
ரொம்ப நேரம் வெளியிலேயே வைத்திருந்தாள்.

காலை ஆறு மணி மார்ஷ்ருத்காவில்
நரினுக்கு முன்சீட்டு இரண்டு.
மடியில் என் கடிதம்: இடது,
கடிகாரத்தில் இரண்டு மணித் திசை,
மூன்று சென்டிமீட்டர், அசையவில்லை.
பாதி வழியில் சிக்னல் கிடைத்துச்
சான்றிதழ் வந்து விழுந்தது.
புருல்சா என்ற என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
உல்கான் எட்டிப் பார்த்தாள்.
"தொண்ணூறுதானா? உனக்கா?"
"ஒரு கேள்வி விட்டுப்போச்சு."
"என்ன கேள்வி?"

கணவாய் வந்தது.
சிக்னல் போயிற்று.
டாக்டர் நூர்ஜமால்போல
வாய் திறந்தபடி நான்.